பட்டாசு கிஃப்ட் பாக்ஸும் ஆய்விதழ் சந்தாவும்

"ஒரு பிடிஎஃப்-ஐ நகலெடுக்க ஒரு பைசா ஆகாது. அப்புறம் எதற்கு 6,000 கோடி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அரசுக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாராம். அவர் சொல்வது 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்வு மின்னிதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்கலாம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு முதல் கட்டத்தில் இடமில்லை.

மின்னிதழில் செலவெல்லாம் முதல் பிரதியோடு முடிந்துவிடும். அடுத்த பிரதிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அதனால் விலை அடக்கச் செலவைப் பார்த்து நிற்பதில்லை. வாங்குபவரின் பையைப் பார்த்து நிற்கிறது. சோப்பு என்றால் வேறு கம்பெனிக்கு மாறலாம். எனக்கு வேண்டிய கட்டுரை ஓர் இதழில் வந்திருந்தால் இன்னோர் இதழ் எனக்கு உதவாது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு மருத்துவக் கல்லூரி, ஒரு பொறியியல் கல்லூரி. பதிப்பகத்திடம் இரண்டே இதழ்கள். மருத்துவ இதழுக்கு மருத்துவக் கல்லூரி 9 லட்சம்வரை தரும். பொறியியல் இதழுக்கு 3 லட்சம்தான். பொறியியல் கல்லூரிக்கு இது அப்படியே தலைகீழ். ஒவ்வோர் இதழையும் 9 லட்சத்துக்கு விற்றால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். வரவு 18 லட்சம். 3 லட்சமாகக் குறைத்தால் இருவரும் இரண்டையும் வாங்குவார்கள், ஆனால் வரவு 12 லட்சம்தான். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி 12 லட்சம் என்று சொல்லிப் பாருங்கள். இருவரும் வாங்குவார்கள். வரவு 24 லட்சம்! இதழ் அதேதான், வாங்குபவரும் அவர்களேதான். மாறியது பொட்டலம் மட்டும். நூலகர்கள் இதை 'பிக் டீல்' என்பார்கள். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: நமக்கு வேண்டியது புஸ்வாணமும் சங்குசக்கரமும், ஆனால் பெட்டிக்குள் இன்னும் இருபது அயிட்டம் இருக்கும்.

கட்டின் விலையை முடிவுசெய்த விதம் இன்னொரு கூத்து. 1990-களின் பிற்பகுதியில் மின்னிதழ்கள் வந்தபோது, ஒரு நூலகம் அச்சிதழ்களுக்கு அதுவரை எவ்வளவு கட்டியதோ அதையே அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பதிப்பகங்கள் ஏற்றிக்கொண்டே போயின. வெறும் 5 சதவீதம் என்றாலும் 15 ஆண்டுக்குள் இரட்டிப்பு. பணமுடையில் நூறு இதழ்களை முன்பே நிறுத்தியிருந்த நூலகருக்குத் தள்ளுபடி. முக்கி முனகி எல்லாவற்றையும் வாங்கிவந்தவருக்குத் தண்டனை.

விலையை வெளியே சொல்லக் கூடாது என்றும் பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் பொருளியலாளர் தியோடர் பெர்க்ஸ்ட்ராமும் உடன் ஆய்வாளர்களும் தகவலறியும் சட்டங்களின்கீழ் ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கி, 2014-இல் வெளியிட்டார்கள். 2009-இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்தின் கட்டுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்தது 21.6 லட்சம் டாலர். ஏறத்தாழ அதே அளவுள்ள விஸ்கான்சின் கொடுத்தது 12.2 லட்சம். விலை ரகசியமாக இருக்கும்வரை பேரம் எப்படிப் படியும்?

இன்னொன்று, உரிமம். அச்சிதழை வாங்கினால் கரையான் அரிக்கும்வரை அது நம்முடையது. மின்னிதழில் பெரும்பாலும் வாடகைக் கணக்குதான். சந்தா நின்றால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது கையில் இருக்குமா என்பது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தில் இருக்கிறது. நூலகர்கள் முதலில் தேடிப் படிப்பது அதைத்தான்.

வாசகரின் 6,000 கோடிக்கு வருவோம். பயனாளர்கள் சுமார் 1.8 கோடிப் பேர் என்கிறது அரசு. வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம். மலிவுதானே? ஆனால் கிஃப்ட் பாக்ஸிலும் ஒரு வெடிக்கு என்ன விலை என்று வகுத்தால் மலிவாகத்தான் வரும். எத்தனை வெடித்தோம் என்பதல்லவா கணக்கு! கட்டுரை எழுதியவருக்கும் மதிப்பீடு செய்தவருக்கும் பதிப்பகம் பொதுவாகக் காசு தருவதில்லை. பல இடங்களில் அவர்களின் சம்பளமே வரிப்பணம். அதையே மறுபடி வரிப்பணத்தில் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் இதழே கிடைக்காத கல்லூரிகளை நினைத்தால் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2020-இல் எல்செவியரின் கட்டைப் பிரித்தது. ஏறத்தாழ 2,200 இதழ்களில் 248-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. எந்த இதழ் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் இப்படிப் பிரிக்க முடியும். நம் 13,000 இதழ்களுக்கும் அந்தக் கணக்கு, 2027-இல் ஒப்பந்தம் முடியுமுன் கல்லூரிவாரியாகப் பொதுவெளிக்கு வர வேண்டும்.