சகவாசம்: சேர்க்கை, இனம், கூட்டாளி

சகவாசம் வடசொல். ‘சஹ’ என்றால் கூட, ‘வாச’ என்றால் வசித்தல். கூடி வாழ்வதைச் சொல்லும் அந்தச் சொல்லில் முதலில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ‘கெட்ட சகவாசம்’ என்று பேசிப்பேசியே சொல்லும் கெட்டுப்போயிற்று.

நல்ல தமிழ் ‘சேர்க்கை’. தேயிலைத் தோட்டத்தில் பெரியவர்கள் “பயலுக்குச் சேர்க்க சரியில்ல” என்பது இதைத்தான். வள்ளுவர் இதை ‘இனம்’ என்றார். 46ஆம் அதிகாரமே சிற்றினஞ்சேராமை. ஆனால் இலங்கையில் இன்று இனம் என்றால் சிங்களவர், தமிழர் என்றே காதில் விழும். பாடநூல் சொல்லும் ‘சமவயதுக் குழு’வும் போதாது. தீபாவளிக்குக் கொழும்புக் கடையிலிருந்து புது ஃபோனும் கையில் காசுமாக வந்திறங்கும் 19 வயது அண்ணன், 14 வயதுப் பயல் மீது செலுத்தும் பிடி அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

‘கூட்டாளி’யில் கவனம் வேண்டும். மலையகத்தில் கூட்டாளி என்றால் நண்பன்; செய்தித்தாளில் குற்றத்தில் பங்காளி. “அவன் என் கூட்டாளி” என்று சிறுவன் சொன்னால், வாக்குமூலத்தில் நண்பன் என்றே எழுத வேண்டும்.

குற்றமும் நெருங்கிய சேர்க்கையில் கற்கப்படுவதே என்றார் அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லாண்ட். 1947இல் அவர் இறுதிசெய்த கோட்பாட்டின்படி, செய்யும் முறையோடு அதற்கான நியாயமும் கற்கப்படுகிறது. எத்தனை தடவை பழகுகிறார்கள், எவ்வளவு காலமாக, எந்த வயதிலிருந்து, எவ்வளவு நெருக்கமாக என்ற நான்கையும் பார்க்கச் சொன்னார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் நான்கும் உச்சத்தில் இருக்கும்: ஒரே சுவர், ஒரே பீலி (தண்ணீர்க் குழாய்), ஒரே பாடசாலை.

“என் பிள்ளை தங்கம், கூட்டாளிதான் கெடுத்தான்” என்பது பாதி உண்மை. அந்தக் கூட்டாளியின் வீட்டிலும் இதே பேச்சுத்தான். படிப்பில் பின்தங்கிய பிள்ளை தன்னைப் போன்றவனைத் தேடிப் போகிறான். போனபின் அந்தச் சேர்க்கை அவனை மேலும் இழுக்கிறது. இரண்டும் நடக்கின்றன. எல்லோரும் எல்லோருக்கும் நண்பர் என்று இறுகிய செட்டில் (நண்பர் கூட்டத்தில்) இழுப்பு இன்னும் பலம்.

அதனால் அடித்துப் பிரிப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. சந்திப்பு மறைவிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். குழப்படிக்காரரை ஒன்றாகக் கடைசி வாங்கில் உட்காரவைப்பது அதைவிட மோசம். ஒருவன் தன் குறும்பைச் சொல்ல மற்றவர்கள் சிரிக்கும் அந்தச் சிரிப்பே பாராட்டாகி, அடுத்ததைச் செய்யத் தூண்டுகிறது. படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பினால், இருந்த ஒன்றிரண்டு நல்ல தொடர்பும் அறும். 16 வயதுக்குக் கீழ் அது சட்டவிரோதமும்கூட.

செய்யக்கூடியது, செட்டுக்கு வெளியே இன்னொரு சேர்க்கையை உண்டாக்குவது: கரப்பந்து அணி, மாலை வகுப்பு, அவன் மதிக்கும் ஒரு மாமா. பயிற்சி நடக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் கடைசிவரை நிற்க வேண்டும். விளையாட்டு முடிந்து வீடு திரும்பும் வரையுள்ள அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாவா, பாபுல் என்னும் புகையிலை கலந்த பாக்குகள் கைமாறும். மிரட்டியோ காசு காட்டியோ பெரியவர்கள் சிறுவர்களைப் பயன்படுத்தினால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லலாம், அல்லது சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழைக்கலாம்.