ஷூ லேஸ் ஷூவிலேயே இருக்கட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஏழேகால் மணிக்கு எங்கள் மருத்துவமனை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து இறக்கிய பையனுக்கு இருபத்தாறு வயது. இடது காலில் ஷூ இல்லை. அந்த ஷூவின் லேஸ் முழங்காலுக்குக் கீழே சதைக்குள் புதைந்து கிடந்தது. கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்துத்தான் அது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தேன். அது போதாதென்று தொடையில் ஒரு பெல்ட். கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"நாலு மணிக்குப் பாம்பு கடிச்சது டாக்டர். உடனே கட்டிட்டோம்" என்றான் கூட வந்த நண்பன், செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதியோடு. அந்த நிம்மதிதான் எனக்கு ஆத்திரம். கைக்குட்டை, பை வார், சார்ஜர் வயர் என்று எதையாவது கட்டிக்கொண்டு வருபவர்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள்கூட இப்போதெல்லாம் கட்டுவதில்லை. கட்டிக்கொண்டு வருவது படித்த பிள்ளைகள்தான்.

ஐந்து பேர், கல்லூரி நண்பர்கள், முதுகுப் பையும் டென்ட்டுமாக மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்துக் குரங்கணிக்கு இறங்கியிருக்கிறார்கள். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அழகான பாதை, மறுக்கவில்லை. ஒரு காலத்தில் மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தோடு ரயில் போனது, 'ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது. தேயிலைப் பெட்டி தொங்கியபடி இறங்கிய சரிவில் மனிதன் நடந்து இறங்கினால் முழங்கால் என்ன பாடுபடும் என்பதை ஏறும்போது யாரும் யோசிப்பதில்லை. சுளுக்கு, எலும்பு முறிவு என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போது விழுந்தவர்கள்.

முதல் நாள் காட்டுமாடு பார்த்திருக்கிறார்கள், வீடியோ காட்டினார்கள். இருபதடி தூரத்தில் ஒற்றைக் காளை, தலையைத் தாழ்த்தி மூச்சு விடுகிறது. பின்னணியில் "மச்சி, ஜூம் பண்ணு" என்று ஒரு குரல். அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை, அந்த மாட்டின் பெருந்தன்மை.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, குரங்கணிக்கு மேலே புல் மண்டிய சரிவில், ஒருவன் பாதையை விட்டு நாலடி ஒதுங்கியிருக்கிறான். கணுக்காலுக்கு மேலே கடி. அதற்கப்புறம் நடந்ததை நேரம் போட்டே கேட்டு எழுதிக்கொண்டேன். நாற்பது நிமிடம் கட்டுவதிலும், தண்ணீர் ஊற்றிப் பிதுக்குவதிலும், சிக்னல் தேடி ஒரு பிசியோதெரபிஸ்ட் நண்பனுக்கு வீடியோ கால் போடுவதிலும் போனது. இன்னொரு அரை மணி நேரம் பாம்பைத் தேடியதில். "எந்தப் பாம்புன்னு டாக்டர் கேப்பாங்கல்ல" என்றான். கேட்போம், ஆனால் தெரியாவிட்டாலும் வைத்தியம் நிற்காது. பிறகு அவனை நடக்க வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் தோள் கொடுத்து. வழியில் பார்த்த தோட்டத்து ஆட்கள்தான் இரண்டு கழியில் கம்பளியைக் கட்டி டோலி செய்து தூக்கி வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர் எங்கள் வராந்தாவில் நின்று சொன்னார்: "கட்ட வேணாம், அவுத்துருங்கன்னு சொன்னோம் சார். தம்பிக கேக்கல."

இந்தக் கட்டுப் போடும் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷம் ரத்தக்குழாயில் ஏறித் 'தலைக்குப் போகும்', குழாயை நெரித்தால் நின்றுவிடும் என்பது உங்கள் கணக்கு. பாம்பின் பல் இறங்குவது பெரும்பாலும் தோலுக்கு அடியிலும் சதையிலும். அங்கிருந்து விஷம் முக்கியமாக நிணநீர்க் குழாய்கள் (ரத்தக்குழாய் இல்லை, சதையில் ஊறும் நீரை வடிக்கும் மெல்லிய குழாய்கள்) வழியாகத்தான் கிளம்புகிறது. அந்த நிணநீரைத் தள்ளிவிடும் பம்ப் எது தெரியுமா? உங்கள் கால் தசை. ஆக, லேஸைக் கட்டிவிட்டு ஆளை நடக்க வைத்தால் ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் மோட்டாரைப் போட்ட கதைதான். சரி, எல்லாமே நிற்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால்? அப்போது நல்ல ரத்தமும் காலுக்குப் போகாது. இரண்டு மூன்று மணி நேரம் ரத்தம் இல்லாத கால், விஷமே ஏறாவிட்டாலும் கெட்டுப்போக ஆரம்பிக்கும். அதிலும் கண்ணாடி விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிப்பது. அதை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் அங்கேயே உட்கார்ந்து தின்னும். கடைசியில் யாராவது பதறிப்போய் வெடுக்கென்று கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய அத்தனையும் மொத்தமாக உடம்புக்குள் இறங்கும்.

"எங்க மாமாவுக்குக் கட்டினாங்க, பிழைச்சுட்டார்" என்று ஒரு கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. மாமாவைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பேகூட விஷத்தை இறக்காமல் கடிப்பது உண்டு. அவர் பிழைத்த பெருமையைக் கட்டிய கயிறு தட்டிக்கொண்டு போகிறது, பச்சிலைக்காரரும் ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறார்.

இப்போது புதிதாக ஒன்று. ஆஸ்திரேலிய வீடியோ பார்த்துவிட்டு கிரேப் பேண்டேஜை (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) கால் முழுக்கச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கே இருக்கும் பாம்பு வேறு, அங்கே அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் சுற்றுகிறார்கள். நம் ஊரில் சதையை அழிக்கும் விரியன்கள் அதிகம்; இங்கே அது வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், கட்டியதும் உங்களுக்கு வரும் தைரியம். 'கட்டியாச்சு, இனி பயமில்லை' என்று நினைத்த நொடியில் அவசரம் போய்விடுகிறது. அந்தப் பையனுக்கு வீணான ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிப் போனதுதான்.

எங்களிடம் வந்ததும் முதல் வேலை, இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பது. பிறகு மெதுவாகச் சாய்ப்போம். நல்ல ரத்தம் ஜெல்லி போல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். அவனுடையது தண்ணீராக வழிந்தது. நர்ஸ் சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், யாரும் பேசவில்லை. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி டிரிப்பில் ஏற ஆரம்பித்த பிறகுதான் லேஸை வெட்டினோம். (கட்டோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குத் திட்டு விழும், ஆனால் வாசலில் வைத்து நீங்களே அவிழ்க்காதீர்கள், மருந்தையும் ஊசியையும் தயாராக வைத்துக்கொண்டு நாங்கள் அவிழ்க்கிறோம்.) ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாயைச் சாய்த்தோம், மறுபடி வழிந்தது, இன்னும் பத்துக் குப்பி. விடியும்போது சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி, அதுவும் சொட்டுச் சொட்டாக. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டான். லேஸ் இருந்த இடத்துக்குக் கீழே தோல் கறுத்து உரிந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களிலும் சோலைகளிலும் மூக்கு நுனியைத் தூக்கிக்கொண்டு சருகோடு சருகாகக் கிடக்கும் ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கிறது. அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. அது கடித்தும் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். பார்வைக்குச் சுருட்டை விரியன் மாதிரி இருக்கும். அதனால் பாதுகாப்பான தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் உதவிதான். ஆனால் குச்சியை எடுத்துக்கொண்டு புதருக்குள் போகாதீர்கள், இரண்டாவது ஆளையும் நான் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. ஆளை உட்கார வையுங்கள். ஷூ, வாட்ச், மோதிரம், அழகுக்குப் போட்ட கை கால் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீக்கம் வரப்போகிறது. கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள், எலும்பு முறிந்த காலைப் பார்த்துக்கொள்வதுபோல. வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். பத்து வீடியோவைவிட அந்தக் கோடு எனக்கு உதவும். தூக்கிக்கொண்டு இறங்குங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள். தைரியத்துக்கு ஒரு பெக் கொடுத்தோம் என்று சொன்னவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கட்டுவிரியன் கடித்தால் வலிகூட இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். அடிவாரத்தில் தரையில் படுத்தவன் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தால் பரோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் கண்ணைப் பாருங்கள். இமையைத் தூக்க முடியாமல் திணறினால் உடனே கிளம்புங்கள். டென்ட் ஜிப்பை முழுக்க மூடுங்கள், காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. யானை இறக்கத்தில் ஓடாது என்பது கட்டுக்கதை, நம்பி ஓடாதீர்கள்; தூரத்தில் பார்த்ததுமே வந்த வழியில் சத்தமில்லாமல் திரும்புங்கள். குரங்கு கீறினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வாருங்கள், "குரங்குதானே" என்று சொல்லாதீர்கள். அட்டைக்கு யாரும் சாக மாட்டார்கள். வெயிலில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே நடக்காதீர்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரையுங்கள், சுவைக்காகப் பாதி பாதியாக இல்லை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவனை முன்னால் விடுங்கள். "என்னால முடியலடா" என்று ஒருவன் சொன்னால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது, கிண்டல் வேண்டாம்.

மலையேற வனத்துறையிடம் அனுமதி வாங்கும் விஷயத்திலும் விளையாட்டு வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று பிடித்த குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன 23 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் வேலை பார்ப்பவனிடம் வந்து "பர்மிஷன் எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று சொல்லாதீர்கள். 2024-லிருந்து வனத்துறையே 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு வைத்து, உள்ளூர் வழிகாட்டிகளையும் கூட அனுப்புகிறது. அந்த வழிகாட்டிக்கு எந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று தெரியும், டோலி கட்டவும் தெரியும். கிளம்பும் முன் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள் தம்பிகளா, கெஞ்சியே கேட்கிறேன். நாலு குப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று அந்த நண்பர்களில் ஒருவன் கேட்டான். கூடாது. அது நரம்பில் ஏற்றும் மருந்து, ஏற்றும்போதே அலர்ஜி வந்து ரத்த அழுத்தம் விழலாம், அதைச் சமாளிக்க ஊசியும் ஆக்சிஜனும் ஆளும் பக்கத்தில் வேண்டும்.

அப்புறம், ஜீப்பில் விட்டுப்போன அந்த இடது கால் ஷூவை டிரைவர் மறுநாள் கொண்டு வந்து கொடுத்தார். ஒன்பதாம் நம்பர், சாம்பல் நிறம், லேஸ் கிடையாது. எங்கள் டியூட்டி அறை அலமாரியில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.