இல்லாத ரயில் நிறுவனமும் இருக்கிற இயற்பியலும்

மாதிரி ரயில் அமைப்பு ஒன்றைக் கட்டிவரும் வாசகர் கேட்கிறார்: "என் அமைப்பில் நீராவி எஞ்சினும் மின்சார எஞ்சினும் ஒரே பாதையில் ஓடுகின்றன. வளைவுகள் கொண்டை ஊசிகள். ஏற்றமோ மூச்சு வாங்க வைக்கும். உலகில் எந்த ரயில்வேயையும் இது ஒத்திருக்கவில்லை. 'நீயே ஒரு ரயில் நிறுவனத்தைக் கற்பனை செய்து, அதன் பாதை இப்படித்தான் என்று சொல்லிவிடு' என்கிறார் நண்பர். இது அறிவியலா, சப்பைக்கட்டா?"

சப்பைக்கட்டாகத் தொடங்கினாலும் ஒழுங்காகச் செய்தால் அது நல்ல பொறியியல் பயிற்சியாகிவிடும். காரணத்தை வளைவிலிருந்தே பார்க்கலாம்.

பரவலாகப் புழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. அதாவது 87-இல் ஒரு பங்கு. 1,435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜ் பாதை அதில் 16.5 மி.மீ. ஆகிவிடும். கடையில் கிடைக்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் ஏறத்தாழ 46 செ.மீ. அதை 87 மடங்கு பெரிதாக்கினால் 40 மீட்டர். உண்மையான முதன்மைப் பாதைகளில் வளைவின் ஆரம் நூற்றுக்கணக்கான மீட்டர் இருக்கும். 40 மீட்டர் வளைவில் ஒரு விரைவு ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நுழைந்தால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்குப்படி, பக்கவாட்டு முடுக்கம் 19-ஐத் தாண்டும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8தான். ரயில் கவிழ்ந்துவிடும், சந்தேகமே வேண்டாம்.

மேசை மேல் ஏன் கவிழவில்லை? என்னை மயக்கும் இடம் இதுதான். அளவுக்கு ஏற்ப வேகத்தையும் 87-ஆல் வகுத்து ஓட்டுகிறோம். அது வினாடிக்கு 32 செ.மீ. வேகம் வர்க்கமாக வருவதால் 87 இருமுறை வகுக்கிறது. ஆரம் கீழே இருப்பதால் ஒரு 87-ஐத் திருப்பித் தருகிறது. ஆக, பக்கவாட்டு முடுக்கம் 87-இல் ஒரு பங்காகக் குறைந்து 0.22 ஆகிவிடுகிறது. ஆனால் ரயிலைத் தண்டவாளத்தோடு பிடித்துவைக்கும் ஈர்ப்பு கடுகளவும் குறையவில்லை! ரயிலைச் சுருக்கினோம், பாதையைச் சுருக்கினோம், பூமியைச் சுருக்க முடியவில்லை. அந்தப் பாக்கியில்தான் மாதிரி ரயில் எந்த வளைவிலும் அலட்டிக்கொள்ளாமல் திரும்புகிறது. அதற்கு உண்மையான தொல்லை வேகமல்ல, வடிவம்தான்: நீளமான பெட்டியின் நடுப்பகுதி வளைவுக்குள் பிதுங்கும், முனை வெளியே துருத்தும், இணைப்பான் திரும்ப இடமின்றி முறுக்கிக்கொள்ளும்.

அப்படியானால் உண்மையான ரயிலைப் போலவே கவிழ வேண்டுமென்றால் எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும்? 87-ஆல் வகுக்கக் கூடாது. 87-இன் வர்க்கமூலத்தால், அதாவது 9.3-ஆல் வகுக்க வேண்டும். வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். குழந்தைகள் கட்டுப்பாட்டுக் குமிழை முழுவதும் திருப்பி ரயிலைப் பறக்கவிட்டு வளைவில் தூக்கி எறிவார்களே, அவர்கள் அந்தத் திசையில்தான் போகிறார்கள். பெரியவர்கள் "மெதுவாக ஓட்டு, அதுதான் நிஜம்" என்று அதட்டுகிறோம். கண்ணுக்கு எது நிஜமோ அதை நாம் ஓட்டுகிறோம். விசைக்கு எது நிஜமோ அதைக் குழந்தை ஓட்டுகிறது.

இந்த வர்க்கமூல விதியைக் கப்பல்களுக்குப் பயன்படுத்தியவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீயில், கடற்படைத் துறையின் பணத்தில் கட்டிய நீர்த்தொட்டியில், பாரஃபின் மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பல் எழுப்பும் அலையின் தடையைக் கணித்தார். மெழுகுப் படகை இழுக்க நிதி வேண்டும் என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள் என்பது என் நீண்டநாள் எரிச்சல். பொம்மைபோலத் தெரிவதெல்லாம் விளையாட்டு என்று முடிவுகட்டும் குழுக்களுக்கு நிதி ஒதுக்கும் வேலையைத் தரக் கூடாது.

வளைவில் ஏமாற்றலாம், ஏற்றத்தில் அது நடக்காது. 25-க்கு 1 என்ற ஏற்றம் எந்த அளவிலும் 25-க்கு 1தான், அது வெறும் விகிதம். சக்கரம் வழுக்குவதும் எடைக்கும் உராய்வுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்ததே. ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை கடக்க எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் வேண்டும். 100-க்கு 1 ஏற்றம் என்றால் 10 மீட்டர் நீளம் தேவை. எந்த அறையில் இருக்கிறது? ஆகவே செங்குத்தாக ஏற்றுகிறோம், எஞ்சின் இழுக்கும் பெட்டிகள் சட்டென்று குறைகின்றன.

கற்பனை நிறுவனம் வேலைக்கு வருவது இங்கேதான். கூர்மையான வளைவு, கடும் ஏற்றம், குட்டை ரயில் மூன்றும் எந்தப் பாதையில் சேர்ந்திருக்கும்? மலையில், சுரங்கத்துக்கோ காட்டு மரத்துக்கோ போட்ட பாதையில். அமெரிக்க மரவெட்டிப் பாதைகளுக்காக எஃப்ரெம் ஷே வடிவமைத்த எஞ்சினில், பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களும் இழுக்கும். எடை முழுவதும் பிடிமானமாகிவிடும். 1881-இல் முடிந்த டார்ஜிலிங் பாதையில் 20 மீட்டருக்கும் குறைவான ஆரமுள்ள வளைவுகள் உண்டு. அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தின் மேல் 48-இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளை ஓட்டினால், அது சுமார் 790 மி.மீ. குறுகிய பாதையாகிவிடும்; 46 செ.மீ. வளைவு 22 மீட்டராகிவிடும். அந்தப் பாதையில் அது சாதாரண வளைவு! தண்டவாளத்தைத் தொடாமலே குற்றம் தள்ளுபடி.

கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் கட்டிய மாதிரி அமைப்பான 'கோரி அண்டு டிஃபீட்டட்' இப்படி முழுக்கக் கற்பனையான நிறுவனம்தான். தரையிலிருந்து எழும் மலைகள், பள்ளத்தாக்குப் பாலங்கள் என்று அது புகழ்பெற்றது. பெட்டிகளை ஷண்டிங் செய்ய எம்மா என்றொரு ஸ்டெகோசாரஸ் டைனோசர் பொம்மையையும் வைத்திருந்தார். அவர் 1973-இல் இறந்த சில நாட்களில் அந்த அமைப்பு தீயில் போயிற்று. 'வர்ஜீனியன் அண்டு ஒஹையோ' என்ற நிலக்கரிப் பாதையைக் கற்பனை செய்த ஆலன் மெக்கிளெலண்டு வேறு வழியில் போனார். அறைக்குள் தெரிவது பாதையின் ஒரு துண்டு மட்டுமே. மறைவில் இருக்கும் தண்டவாளங்கள்தான் வெளியுலகம். நிலக்கரி அங்கே போகும், காலி வண்டி அங்கிருந்து வரும். ஒவ்வொரு ரயிலுக்கும் போக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

"இது அருங்காட்சியகப் பாதை, அதனால் எல்லாம் ஓடும்" என்ற சாக்கு மட்டும் எனக்குப் பிடிக்காது. எதையும் விளக்கும் கதை எதையும் தடுக்காது. தடுக்காத கதையால் அமைப்புக்குப் பயனில்லை.

வாசகரின் நீராவியும் மின்சாரமும்? நீளமான சுரங்கப்பாதை ஒன்றைத் தோண்டச் சொல்லுங்கள். புகை அடைத்துக்கொள்ளும் என்பதால் பால்டிமோர் அண்டு ஒஹையோ ரயில்வே 1895-இல் பால்டிமோர் நகரச் சுரங்கப்பாதையை மின்மயமாக்கியது. நீராவி எஞ்சினோடு சேர்த்தே ரயிலை மின்சார எஞ்சின் இழுத்துப்போனது. அவர் செய்ய வேண்டியது இதுதான்: சுரங்கத்தின் இரு பக்கமும் எஞ்சின் மாற்ற ஒரு கிளைப்பாதை, அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் மேல்கம்பி. மற்ற இடங்களில் போட்டிருக்கும் கம்பியைக் கழற்றிவிடலாம்.