வளைவில் சாய்ந்தால் டேங்கில் பெட்ரோல் எங்கே போகிறது?

பழைய புல்லட்டில் பெட்ரோல் தீர்ந்து நின்றதும், வண்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறதே, எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடை டேங்கின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

1920களில் பெரும்பாலான பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் டேங்க் ஒரு தட்டையான தகரப் பெட்டி. வண்டியின் எலும்புக்கூடான சேஸில், மேலே ஓடும் இரண்டு குழாய்களுக்கும் நடுவே தொங்கும். 1930 வாக்கில் அது மறைந்து, குதிரை முதுகில் சேணம் மாதிரி மேல் குழாயின் இருபுறமும் இறங்கும் டேங்க் வந்துவிட்டது. ட்ரையம்ப், பிஎஸ்ஏ, ராயல் என்ஃபீல்டு எல்லாம் இந்த ரகம்தான்.

குழாய்க்கு இடம்விட டேங்கின் அடியில் நீளவாக்கில் ஒரு குடைவு இருக்கும். பெட்ரோல் மட்டம் அந்தக் குடைவுக்கு மேலே நிற்கும்வரை டேங்க் ஒன்று. கீழே இறங்கிவிட்டால் இரண்டு. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால்தான் கார்புரேட்டருக்கு இறங்க வேண்டும். காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கத்துப் பெட்ரோல் அங்கேயே கிடக்கும். அதனால்தான் பல ட்ரையம்ப், பிஎஸ்ஏ வண்டிகளில் இரண்டு காக்: ஒன்றைத் திறந்து ஓட்டலாம், மற்றது ரிசர்வ். சிலவற்றில் இரு பக்கத்தையும் அடியில் ஒரு பைப்பால் இணைத்தார்கள். மட்டம் தானே சமமாகிவிடும். இது எதுவும் இல்லாவிட்டால், காக் இருக்கும் பக்கமாக வண்டியைச் சாய்க்க வேண்டியதுதான். மிச்சப் பெட்ரோல் குடைவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும்.

சரி, மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி சாய்கிறதே, அப்போது ஏன் தாண்டுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வளைவில் பெட்ரோலை ஈர்ப்பு விசை கீழே இழுக்கிறது. வண்டியோடு சேர்ந்து பார்த்தால் மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. இரண்டும் கூடிய விசை சாய்வாக, தரையை நோக்கிப் போகும். விழாமல் திரும்ப வேண்டுமானால் வண்டியும் ஏறக்குறைய அதே கோணத்தில் சாய்ந்தாக வேண்டும். ஆக, டேங்கைப் பொறுத்தவரை ‘கீழே’ என்பது எப்போதும் டயர் இருக்கும் திசைதான். 45 டிகிரி சாய்ந்தாலும் பெட்ரோல் இடமும் வலமும் ஒரே மட்டத்தில் நிற்கும், 1.4 மடங்கு கனத்ததுபோல் டேங்கின் அடியை அழுத்தும், அவ்வளவுதான். சைக்கிள் சேஸில் பாதித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் புட்டியைக் கட்டி, காலியான மைதானத்தில் வட்டமடித்தால் நீங்களே பார்க்கலாம்.

குடைவின் தொல்லையே வேண்டாம் என்று போன வண்டிகளும் உண்டு. 1950இல் நார்ட்டன் ரேஸ் வண்டிகளுக்கு வந்த ‘ஃபெதர்பெட்’ சேஸில் இரண்டு மேல் குழாய்கள் அகன்று ஓடின. டேங்க் அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டது. ஆனால் அந்த அகலத்தால் ஓட்டுபவர் முட்டிகளை விரித்தே உட்கார வேண்டியிருந்தது. 1960இல் குழாய்களை நெருக்கிய சேஸ் வந்த பிறகுதான் அது சரியானது.