"எங்களிடம் திருட என்ன இருக்கிறது?": அரசு அலுவலகமும் தொண்டு நிறுவனமும் சைபர் பாதுகாப்பில் எங்கே நிற்கின்றன

மறுபடியும் அதே இரண்டு பதில்கள். தொண்டு நிறுவனத்தில் சைபர் பாதுகாப்பு பற்றிக் கேட்டால், "எங்களிடம் திருட என்ன இருக்கிறது? அரசு அலுவலகங்கள்தான் பயப்பட வேண்டும்" என்கிறார்கள். அரசு அலுவலகத்தில் கேட்டால், "எங்களுக்கு விதிமுறை உண்டு, தணிக்கையும் முடிந்துவிட்டது, தொண்டு நிறுவனங்களைப் போய்ப் பாருங்கள்" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டு இடத்திலும் பேக்கப் எடுக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்தவர் யாருமில்லை.

யார் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. நோயே வேறு. அரசுத்துறையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து முடிக்க ஆளும் அதிகாரமும் இல்லை. தொண்டு நிறுவனத்தில் நினைத்தால் நாளைக்கே செய்துவிடலாம். செய்யுங்கள் என்று சொல்ல யாருமில்லை. ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை மற்றவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அந்த நம்பிக்கையை விடுங்கள்

"நல்ல காரியம் செய்கிறோம், சிறிய அமைப்பு, எங்களை யார் தாக்கப்போகிறார்கள்?" பெரும்பாலான தாக்குதல்களில் உங்களை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை. 2013-இல் வெளிவந்த ஜீமேப் என்ற ஸ்கேனர், வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து இணையத்தின் மொத்த ஐபிவி4 முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். தட்டும் மென்பொருளுக்கு அந்தப் பக்கம் இருப்பது அநாதை இல்லமா அமைச்சகமா என்று தெரியாது. பழைய கசிவுகளிலிருந்து எடுத்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் லட்சக்கணக்கில் போட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கும் தெரியாது. உள்ளே நுழைந்த பிறகுதான் மனிதர் ஒருவர் வந்து பார்க்கிறார்: இங்கே எதைப் பணமாக்கலாம்?

பணமாக்க நிறைய இருக்கிறது. உங்கள் நன்கொடைப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருடப்பட்ட கார்டு எண்களில் எது இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்க, மிகச் சிறிய தொகையை அதில் செலுத்திப் பார்க்கிறார்கள். கடைகளைவிட நன்கொடைப் பக்கம் அவர்களுக்கு வசதி: பொருள் அனுப்ப வேண்டியதில்லை, முகவரி தேவையில்லை, தொகையை அவர்களே தீர்மானிக்கலாம். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான முயற்சிகள் நடக்கும். மறுவாரம் கார்டின் உண்மையான உரிமையாளர்கள் புகார் கொடுப்பார்கள். திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் கட்டணம் உங்கள் தலையில் விழும். இணையத்தில் உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் கணக்கையே முடக்கிவிடலாம். குறைந்தபட்சத் தொகையை உயர்த்துங்கள், படிவத்தில் கேப்ட்சா வையுங்கள், ஒரே இடத்திலிருந்து வரும் முயற்சிகளுக்கு வரம்பு போடுங்கள், நிராகரிக்கப்படும் கார்டுகள் திடீரென்று கூடினால் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். கேட்வேயில் இந்த வசதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. திறந்து பார்க்காமல் வைத்திருக்கிறோம்.

அடுத்தது மின்னஞ்சல் பெட்டி. 2017-இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் அமெரிக்கப் பிரிவு இந்த வழியில் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலரை இழந்தது. ஊழியர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்குக்குள் புகுந்தவர்கள், பாகிஸ்தான் சுகாதார மையங்களுக்குச் சூரிய மின்தகடு வாங்குவதாகப் போலி விலைப்பட்டியலும் ஆவணங்களும் தயாரித்துப் பணத்தை வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்ப வைத்தார்கள். அந்த அமைப்புக்குக் காப்பீடு இருந்ததால் பெரும்பகுதி திரும்பி வந்தது. உங்களுக்கு இருக்கிறதா?

பணத்தைவிடப் பெரியது பயனாளிகளின் பட்டியல். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அந்நியர் கைக்குப் போயிருந்தது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள். 2021 நவம்பர் 9 அன்று உள்ளே வந்தவர்கள் 70 நாள் தங்கியிருந்தார்கள். வந்த வழி, அடைப்பதற்கான திருத்தம் (பேட்ச்) வெளியாகியும் உரிய நேரத்தில் போடப்படாத ஒரு மென்பொருள் ஓட்டை. வன்முறைக்குத் தப்பி வந்த பெண் தங்கியிருக்கும் முகவரி உங்கள் எக்செல் கோப்பில் இருக்கிறது என்றால், "திருட ஒன்றுமில்லை" என்ற சொல்லை இனித் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தணிக்கை நடந்தது, பிறகு?

அரசுத்துறைக்கு வருவோம். 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையை முடக்கியபோது, பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஓடியது விண்டோஸ் 7. அதற்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. 'ட்ரஸ்ட்' எனப்படும் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. இதைவிட முக்கியமான எண் வேறு. தாக்குதலுக்கு முன்பே அந்த 236-இல் 88 அமைப்புகளை நேரில் போய்ச் சோதித்திருந்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. திருத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் சோதித்தவர்களுக்கு இல்லை.

அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 2021-இல் நடந்ததும் இதே ரகம். மார்ச் 18 அன்று ஒருவர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். மார்ச் 31 அன்று அவருடைய கணினியில் இருந்த ஆன்டிவைரஸ், ஹேக்கர்கள் பயன்படுத்தும் கருவிகளை அடையாளம் கண்டது. ஆனால் அந்த ஆன்டிவைரஸைத் தடுக்கும் நிலையில் வைக்கவில்லை, கவனிக்கும் நிலையில் வைத்திருந்தார்கள். மே 14 அன்று ரான்சம்வேர் வெடித்தது. ஆறு வாரம் கையில் இருந்தது. மணி அடித்தது, கேட்க ஆளில்லை.

ஆகவே அரசு அலுவலகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது சான்றிதழை அல்ல. போன தணிக்கையில் சொன்ன குறைகளில் எத்தனை மூடப்பட்டன? ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்ட பொறுப்பாளர் யார்? வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு எச்சரிக்கை வந்தால் அது யாருடைய கைபேசியில் ஒலிக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் தணிக்கை அறிக்கை வெறும் தாள்.

அதே சமயம் அரசுத்துறையிடமிருந்து தொண்டு நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லது ஒன்று உண்டு: கெடு. அமெரிக்காவில் 2017 அக்டோபரில் வந்த உத்தரவு, போலி மின்னஞ்சலைத் தடுக்கும் டிமார்க் அமைப்பை ஒரு வருடத்துக்குள் 'ரிஜெக்ட்' (போலியை நிராகரிக்கும்) நிலைக்குக் கொண்டுவரும்படி மத்திய அரசின் சிவில் துறைகளைக் கட்டாயப்படுத்தியது. 2021 நவம்பரில் இன்னொன்று: ஹேக்கர்கள் உண்மையாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டைகளின் பட்டியலை அமெரிக்கச் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா வெளியிடும்; புதிய ஓட்டைகளைப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அடைத்தாக வேண்டும். அந்தப் பட்டியல் யாரும் பார்க்கக்கூடியது, இலவசம். எந்த நாட்டுத் தொண்டு நிறுவனமும் வாரம் ஒருமுறை அதைத் திறந்து, தான் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

தொண்டு நிறுவனங்களுக்கு

25 பேர் உள்ள அமைப்பில் எல்லோருக்கும் இருபடிச் சரிபார்ப்பை ஒரே மதியத்தில் போட்டுவிடலாம். நிறுவனருக்கும் பொருளாளருக்கும் சேர்த்துத்தான். "அவருக்குச் சிரமம்" என்று விட்டுவைக்கும் அந்த இரண்டு கணக்குகள்தான் ஹேக்கருக்குத் தேவை. எஸ்எம்எஸ் ஓடிபி எதுவும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆத்தென்டிகேட்டர் செயலி அதைவிட மேல். ஆனால் போலி உள்நுழைவுப் பக்கத்தில் நீங்கள் தட்டும் எண்ணை அந்த நொடியே உண்மையான தளத்தில் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதை நிறுத்துவது பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் சாதனமே வைத்திருக்கும் சாவி) வன்பொருள் சாவியும்தான் (கணினியில் செருகும் சிறு கருவி), ஏனென்றால் அவை தளத்தின் முகவரி மாறினால் வேலை செய்யாது. பணம் கையாள்பவர்களுக்கும் அட்மின்களுக்கும் ஆளுக்கு இரண்டு சாவி வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது வேண்டும்.

ஒரு கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றால், பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். போதாது. உள்ளே வந்தவர் முதலில் செய்வது, "பணம்", "விலைப்பட்டியல்" போன்ற சொற்கள் உள்ள கடிதங்களை வெளியே அனுப்பவோ யாரும் திறக்காத ஃபோல்டருக்குள் ஒளிக்கவோ ஒரு விதி போடுவது. பாஸ்வேர்ட் மாறினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். விதிகளையும் ஃபார்வர்டிங் முகவரிகளையும் பார்த்து நீக்குங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், கணக்கோடு இணைத்த வெளிச் செயலிகளின் அனுமதியை ரத்து செய்யுங்கள், மீட்பு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.

வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று யார் எழுதினாலும் தொலைபேசியில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணில் அல்ல; உங்கள் பழைய பதிவேட்டில் உள்ள எண்ணில். இரண்டு பேர் ஒப்புதல் தராமல் மாற்றக்கூடாது. அவசரம் என்று எழுதியிருந்தால் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

உங்கள் பெயரில் நன்கொடையாளருக்குப் போலிக் கடிதம் போகாமலிருக்க எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (அவற்றில் தேறாததை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வேண்டும். டிமார்க்கை நேரே 'ரிஜெக்ட்'டில் போட்டால் உங்கள் செய்திமடலே போய்ச் சேராமல் போகலாம். எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் தரும் 'நன்' நிலையில் தொடங்கிச் சில வாரம் அறிக்கைகளைப் படியுங்கள், உங்களுக்காக அனுப்பும் எல்லாச் சேவைகளையும் சேருங்கள், பிறகு 'குவாரன்டைன்' (தேறாததை ஸ்பேமில் ஒதுக்குவது), அதன் பிறகு 'ரிஜெக்ட்'. எஸ்பிஎஃப் பதிவில் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போனால் அந்தப் பதிவே செல்லாமல் போகும். பழைய சேவைகளை நீக்குங்கள். 'நன்' நிலையிலேயே மூன்று வருடம் விட்டுவைத்துவிட்டு "எங்களிடம் டிமார்க் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள்.

தரவு உங்கள் கையில் இல்லாவிட்டாலும் பொறுப்பு உங்களுடையதே. நன்கொடையாளர் மென்பொருள் விற்கும் பிளாக்பாட் நிறுவனத்தில் 2020 பிப்ரவரியில் புகுந்தவர்கள் மே மாதம் வரை பிடிபடவில்லை. 13,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் அமைப்புகள் பாதிக்கப்பட்டன. முன்னாள் வாடிக்கையாளர்களின் தரவையும் தேவைக்கு மேல் பல வருடம் அங்கே வைத்திருந்தார்கள். ஒரு சேவையை விட்டு விலகும்போது தரவை அழித்ததாக எழுத்தில் வாங்குங்கள். அதைவிட எளிய வழி, தேவையில்லாததைக் கேட்காமலிருப்பது. பயனாளியின் அடையாள அட்டை நகல் எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

அரசு அலுவலகங்களுக்கு

வெளியாட்களின் நுழைவாயிலில் தொடங்குங்கள். 2023 அக்டோபரில் தாக்கப்பட்ட பிரிட்டிஷ் நூலகம் பின்னர் தானே வெளியிட்ட அறிக்கையை எல்லா அரசுத்துறை நிர்வாகிகளும் படிக்க வேண்டும். முதலில் ஊடுருவல் தெரிந்த இடம், வெளி ஒப்பந்ததாரர்களும் உள் நிர்வாகிகளும் தொலைவிலிருந்து பயன்படுத்திய ஒரு டெர்மினல் சர்வர். மேகச் (கிளவுட்) சேவைகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு இருந்தது. அந்தச் சர்வருக்கு இல்லை. ஒப்பந்ததாரரின் இணைப்பு நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டிய தேவை கிடையாது. வேலை இருக்கும்போது திறங்கள், முடிந்ததும் மூடுங்கள், ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் 3389 போர்ட் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு பாடம். எண்மத் தொகுப்புகளின் நகல்கள் நூலகத்திடம் பத்திரமாக இருந்தன. அவற்றை இறக்கி வைக்கச் சரியான சர்வர் கட்டமைப்பு இல்லை. பேக்கப் பற்றிப் பேசும்போது மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ஒரு நகலையாவது யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி வையுங்கள். பேக்கப் சர்வரை, அலுவலகக் கணினிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்காதீர்கள்; டொமைன் அட்மின் கணக்கு போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழுச் சர்வரை வெற்றுக் கணினியில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றச் சொல்வதை நிறுத்துங்கள். காரணமின்றி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே எழுதிவிட்டது. கடைசி எண்ணை ஒன்று கூட்டிப் போடுவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை.

நடந்துவிட்டால்

கணினியை ஃபார்மேட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். அணைக்கவும் வேண்டாம், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் வங்கியைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அலுவலக மின்னஞ்சலில் இதைப் பற்றிப் பேசாதீர்கள், உள்ளே இருப்பவர் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம். வங்கி, காப்பீட்டு நிறுவனம், காவல்துறையின் சைபர் பிரிவு, சர்வரைப் பராமரிப்பவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஆகியோரின் தொலைபேசி எண்களை இன்றே தாளில் அச்சிட்டு மூன்று பேர் வீட்டில் வையுங்கள். கணினிக்குள் மட்டும் இருக்கும் பட்டியலை அன்றைக்குத் திறக்க முடியாது.