நான்கு சொட்டுக் காற்றில் நிற்கும் கண்ணாடி

கிருஷ்ணகிரியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு பவர். காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். நீச்சல் கற்கத் தொடங்கிய பிறகு மூன்று நீச்சல் கண்ணாடிகளை மாற்றிவிட்டேன். மூன்றிலும் தண்ணீர் புகுகிறது. பட்டையை இறுக்கினால் தலைவலிதான் மிச்சம். பொருந்துகிற கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

நீருக்குள் பார்வை ஏன் மங்குகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். கண்ணின் மொத்த ஒளிகுவிக்கும் திறனான 60 டயாப்டரில் (பவரை அளக்கும் அலகு) சுமார் 43 டயாப்டர் கருவிழியில், அதுவும் அதன் முன்பரப்பால், கிடைக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கருவிழியினுடையது 1.376. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், கண்ணை நீர் தொட்டவுடன் அந்தத் திறனில் பெரும்பகுதி காணாமல் போகிறது. நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் காற்றை நிறுத்தி அதை மீட்டுத் தருகிறது.

லென்ஸ் அணியாதவருக்குக் கசிவு வெறும் எரிச்சல். அணிபவருக்கு அப்படியல்ல. மென்மையான லென்ஸ் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பொருளால் ஆனது; குளத்து நீரில் கண்ணீரைவிட உப்பு குறைவு என்பதால், அது பட்ட லென்ஸ் கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்ளக்கூடும். அந்நிலையில் அதைப் பிய்க்காமல் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். இதைவிடக் கவலைக்குரியது அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி. அணை, கிணறு, குழாய் என எந்த நீரிலும் அது இருக்கலாம். கூடுகட்டிக்கொண்ட நிலையில் அது குளோரினையும் தாங்கும். லென்ஸுக்கு அடியில் அது தங்கினால் கருவிழிப் புண் உண்டாகிப் பார்வைக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் லென்ஸோடு நீந்தவே வேண்டாம் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கண் சிவந்து வலித்தால் நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் விடுகிற வழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. அந்த அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது மருந்தல்ல, அதனால் வீணாகும் நாட்களைத் திரும்பப் பெறவும் முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நீச்சல் கண்ணாடியைப் பட்டை பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிறு பிள்ளைகள் எவர்சில்வர் டம்ளரை வாயில் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, கையை விட்டபிறகும் அது முகத்திலேயே தொங்குவதைக் காட்டிச் சிரிப்பார்கள். மோவாயில் சிவப்பு வளையம் விழுந்து அம்மாவிடம் திட்டு வாங்குவார்கள். நீச்சல் கண்ணாடி செய்வதும் அதே வேலைதான். அதை அழுத்தும்போது சிலிகோன் விளிம்பு நசுங்கிச் சிறிது காற்று வெளியேறுகிறது. விரலை எடுத்ததும் விளிம்பு பழைய வடிவத்துக்கு நிமிர முயல்கிறது; மிஞ்சிய காற்று கூடுதல் இடத்தில் பரவ, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கண்ணாடியை முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது.

எவ்வளவு காற்று வெளியேற வேண்டும்? ஒரு கண்ணுக்கான குழிவில் இருபது மில்லி காற்று அடங்கும் என்றும், அதன் வாய் இருபது சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் நூற்றில் ஒரு பங்கு 0.2 மில்லி, அதாவது சொட்டுமருந்துக் குப்பியிலிருந்து விழும் நான்கு சொட்டின் அளவு. அந்த அளவு காற்று குறைந்தால் அழுத்தமும் நூற்றில் ஒரு பங்கு குறையும். வளிமண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையாக அழுத்துவதால், நமக்குக் கிடைப்பது சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிராம், ஒரு கண்ணுக்கு இருநூறு கிராம். கண்ணாடியின் எடையே சில பத்து கிராம்தான். ஆகவே நான்கு சொட்டுக் காற்று வெளியேறினால் அது தானாகவே நிற்கும். புருவமுடி ஒன்று விளிம்பில் சிக்கி அதே நான்கு சொட்டுக் காற்று உள்ளே வந்துவிட்டால் விழுந்துவிடும்.

நான் முதல் கண்ணாடி வாங்கிய கடையில், "பட்டையை நல்லா இறுக்கிப் போடுங்க சார், ஒரு சொட்டு தண்ணி போகாது" என்றார்கள். முதல் நாளே தண்ணீர் போயிற்று. பட்டை கண்ணாடியின் வெளிமுனைகளைக் காதுப்பக்கமாக இழுக்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் வெளி விளிம்பு தோலில் புதைய, மூக்கோரத்து விளிம்பு நெம்புகோல் போல மெல்லத் தூக்கிக்கொள்கிறது. மூக்கின் சரிவும் கன்னமும் சேரும் அந்த மூலைதான் பெரும்பாலும் முதலில் கசியும் இடம். தலைவலியும் இதன் விளைவுதான். புருவத்துக்கு மேலே செல்லும் நரம்பை விளிம்பு நெரிக்கிறது.

ஆகவே, கடையில் பட்டையைத் தலையில் மாட்டாதீர்கள். முகத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல், கண்ணாடியை மட்டும் கண்குழியில் மெல்ல அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று வினாடி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. வெளிப்பக்கம் பொருந்தி மூக்கோரம் மட்டும் தூக்கினால், இரு கண்குழிவுகளையும் இணைக்கும் மூக்குப்பாலம் உங்களுக்கு நீளம் சரியில்லை; மாற்றத்தக்க பாலங்களோடு வருபவற்றைக் கேளுங்கள். எந்த ஊர் முகங்களை அளந்து இவற்றை வார்க்கிறார்களோ! நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் செய்யும் திட்டப்பணிகளில் ஒன்றாவது நம் பிள்ளைகளின் மூக்கை அளக்கலாம். பெரிய நிதி ஏதும் வேண்டாம்.

கிணற்றுக்கு மட்டும் இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிராம் அழுத்தம் கூடுகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் செய்வதுபோல மூன்று மீட்டர் முங்கி அடிமண்ணை அள்ளப் போனால், ஒவ்வொரு கண்குழியின் மேலும் ஆறு கிலோ வரை ஏறும். மூக்கையும் மூடும் முகமூடியானால் மூக்குவழி காற்றுவிட்டு அதைச் சமன்செய்யலாம். இதில் அதற்கு வழியில்லை.

மைனஸ் நான்குக்கு இன்னொரு வழியும் உண்டு: பவர் வைத்த நீச்சல் கண்ணாடி. அவை பெரும்பாலும் அரை டயாப்டர் இடைவெளிகளில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைத் திருத்தும் சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தால் மட்டும் பார்வை சற்றுக் குறைபடலாம். நீந்தும்போது குளத்தின் மறுகரையும் பயிற்சியாளரின் கையசைவும் தெரிந்தால் போதாதா? லென்ஸை அதன் டப்பாவிலேயே விட்டுச் செல்லுங்கள். ஆனால் அந்தக் கண்ணாடியையும் பட்டையில்லாமல் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.