ஏபிசி பவுடர் சிலிண்டரை ரூமுக்குள் அடித்துப் பார்த்தோம்

ஏப்ரல் 14 நெருங்கினால் எனக்கு வேலை கூடிவிடும். 1944-இல் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் வெடித்த நாள் அது. அதில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் அந்த வாரம் தீத்தொண்டு வாரம். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனி, பள்ளிக்கூடம், அபார்ட்மென்ட் என்று வரிசையாகத் தீயணைப்பு சிலிண்டர் டெமோ காட்டக் கூப்பிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான். பார்க்கிங்கில் ஒரு தகரத் தட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர், மேலே டீசல், பற்றவைக்கத் துளி பெட்ரோல். தீ ஆளுயரத்துக்கு எழும்பும், திடப்பொருள், திரவம், கேஸ் மூன்று வகைத் தீக்குமான ஏபிசி பவுடர் சிலிண்டரின் பின்னை நான் உருவி அடிப்பேன், மூன்று நொடியில் அடங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஹெச்.ஆர். போட்டோ எடுத்துக்கொள்வார்.

ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். அந்தக் கம்பெனிகளில் டீசல் தட்டு எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டையும் அட்டைப்பெட்டியும் பாலிதீனும் கூரை வரை அடுக்கிய துணியும்தான், அதுவும் நான்கு சுவருக்குள், காற்றுக்கூடச் சரியாக வராத இடத்தில்.

தெரிந்தவர் ஒருவர் பழைய குடோன் ஒன்றை இடிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ரூம், ஒரே கதவு, ஒரு ஜன்னல். கரண்ட் துண்டித்தாயிற்று, ஹோஸில் தண்ணீர் தயார், தீயணைப்புத் துறையில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன் கூடவே நின்றார். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள், நாங்களே பயந்துகொண்டுதான் செய்தோம்.)

முதலில் அதே டீசல் தட்டு. வெளியில் அணைந்ததைவிட வேகமாக அணைந்தது, பவுடரைக் கலைக்கக் காற்று இல்லையே. ஆனால் இரண்டாவது நொடியிலேயே என் கை எனக்குத் தெரியவில்லை. ரூம் முழுக்கப் பவுடர், மூக்கில் வாயில் எல்லாம் பவுடர், இருமல் நிற்கவில்லை. கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்துதான் நின்றிருந்தேன், அப்படியும் பின்னால் நகர்ந்தபோது முட்டியது சுவர். எத்தனையோ வருஷமாக இதே வேலை செய்கிற எனக்கு இந்த நிலை என்றால், படுக்கையறையில் குழந்தையைத் தேடுகிற ஒருவருக்கு எப்படி இருக்கும்? பிரிட்டனில் தீயணைப்பு சிலிண்டர்களுக்கான பிஎஸ் 5306-8 தரக்குறிப்பு, 2012-இலிருந்தே ஆபத்தை முறையாக மதிப்பிட்ட பிறகல்லாமல் பவுடர் சிலிண்டரைக் கட்டடத்துக்குள் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நம் ஊரிலோ எல்லாவற்றுக்கும் ஏபிசி ஒன்றே போதும் என்று விற்கிறார்கள்.

அடுத்தது கட்டிங் வேஸ்ட் மூட்டை. நன்றாகப் பிடிக்கவிட்டு, 6 கிலோ சிலிண்டரை முழுசாக அடித்தேன். நான்கைந்து நொடியில் சுடர் போய்விட்டது, பவுடர் உருகி மேலே ஓடு மாதிரி படிந்துவிட்டது. சரி, முடிந்தது என்று வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டும் கதவருகே குந்தி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு இழை. ஒரு கம்பியால் அந்த ஓட்டைக் கிளறினார், உள்ளே செக்கச்செவேல் என்று கங்கு, காற்றுப் பட்டதும் திரும்பப் பிடித்துக்கொண்டது. “பஞ்சுத் தீ செத்த மாதிரி நடிக்கும் தம்பி” என்றார். அப்புறம் மூட்டையைப் பிரித்துப் போட்டு, தண்ணீரைக் கொட்டிக் கொட்டி நனைத்த பிறகுதான் அடங்கியது.

காரணம் சுலபம். சிலிண்டரில் இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட். அது தீயை விடாமல் எரியவைக்கும் சங்கிலி வினையை அறுக்கும், சூட்டில் உருகி மேற்பரப்பை மூடும், ஆனால் குளிரவைக்காது. மெத்தை, பேல், பழைய பேப்பர் கட்டு என்று உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் எதற்கும் கடைசியில் தண்ணீர்தான் வேண்டும். கிட்ட நின்று அடித்தால் இன்னொரு கூத்து, வேகத்தில் பஞ்சுத் துணுக்குகள் எரிந்தபடியே பறந்து ரூமின் அடுத்த மூலையில் விழும். அதனால் முதலில் இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும்.

எண்ணெய் வாணலியையும் பார்த்தோம். பவுடர் பட்டதும் சுடர் போனது, கூடவே கொதிக்கும் எண்ணெய் சுவர் வரை தெறித்தது, எண்ணெயின் சூடு இறங்காததால் மறுபடியும் குப்பென்று பிடித்தது. வீட்டு வாணலி என்றால் அடுப்பை நிறுத்திவிட்டு ஒரு தட்டைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிடுங்கள், ஆறும் வரை திறக்காதீர்கள். தண்ணீர் கூடவே கூடாது. ஹோட்டல் கிச்சனுக்கு, எண்ணெய்த் தீக்கென்றே திரவ ரசாயனம் நிரப்பிய வெட் கெமிக்கல் வகைதான் சரி.

பவுடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரவத் தீக்கும் கேஸ் தீக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கேஸை மூட முடியாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் ரூமில் நிரம்பி, அடுத்த பொறியில் வெடிக்கும். கம்ப்யூட்டர், பேனல் போர்டு, எம்பிராய்டரி மெஷின் மேல் பவுடர் விழுந்தால் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும், அங்கே கார்பன் டை ஆக்சைடு வையுங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எரிந்தால் பவுடர் ஒன்றும் செய்யாது, விலகி வந்துவிடுங்கள்.

இன்னொன்று கேஜ். முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, அவ்வளவுதான். பவுடர் கட்டிதட்டிப் போயிருக்கிறதா என்பது முள்ளுக்குத் தெரியாது. நீராவி அதிகம் உள்ள ஒரு யூனிட்டில் முள் பச்சையில் இருந்த சிலிண்டரை அமுக்கினேன், புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. சர்வீஸ் ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதுசு. ரீஃபில் செய்ய வருகிறவரிடம் உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

6 கிலோ சிலிண்டர் என்றாலும் அரை நிமிஷம்கூட வராது. தீ உங்கள் இடுப்புக்கு மேல் போய்விட்டது, புகை கூரையிலிருந்து கீழே இறங்குகிறது என்றால் சிலிண்டரைத் தொடாதீர்கள். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112.

இப்போது என் டெமோவில் டீசல் தட்டுக்குப் பிறகு ஒரு சின்ன வேஸ்ட் மூட்டையும் உண்டு. பவுடர் அடித்துவிட்டு எல்லோரையும் டீ குடிக்கச் சொல்வேன். டீ முடிவதற்குள் புகை வந்துவிடும், யாரும் கைதட்டமாட்டார்கள். போன தடவை செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் கேட்டார்: “அப்ப தண்ணி எங்கீங்கண்ணா வெச்சிருக்காங்க?” மேனேஜர் எங்களை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான்கு சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் பெயிண்ட் பிரஷ் ஊறிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றிலும் அடியே இல்லை.